ருக்மிணியின் குளிர்

கல்யாணமாகி மல்லேஸ்வரத்துக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகூடப் புருஷன் காலேஜுக்குக் கிளம்பிப் போவதைப் பார்த்த ருக்மிணி, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். சுந்தரேசன் வாயால் பதில் சொல்லாமல் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். விலங்கியல் கட்டடத்துக்குப் பின்னால், சில்வர் ஓக் மரங்களின் அடியில், மரக்கால்கள் மேல் சில தேனீப் பெட்டிகள் நின்றிருந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்து அடையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். பயந்து ஓடுவாள் என்றுதான் நினைத்தான். அவளோ கிட்டே குனிந்து, இதில் புதிதாகப் பிறந்த குழந்தைகள் எவை என்று கேட்டாள்.

அன்றைக்கே அவளும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டாள். அப்போதுதான் அடையின் அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வந்த தேனீ, சாம்பல் பூத்தாற்போல வெளிறி இருக்கும். அதற்குக் கொட்டத் தெரியாது. அதை விரலுக்கிடையே பிடித்து, முதுகில் புல் நுனியால் ஒரு பொட்டுச் சாயம் வைத்துப் பெட்டிக்குள் விட வேண்டும். ஒவ்வொரு நாள் பிறந்ததற்கும் ஒவ்வொரு நிறம். அப்போதுதான் பிற்பாடு ஒரு தேனீயைப் பிடித்தால் அதன் வயது தெரியும். சுந்தரேசனின் கைக்கு அந்த வேலை சரிப்படவில்லை. பாதித் தேனீக்களை நசுக்கிவிடுவான். ருக்மிணி வைத்த பொட்டு ஒன்றுகூடக் கலையவில்லை. கோலார் தங்கவயலில் சுரங்க ஆபீஸ் குமாஸ்தாவின் பெண் அவள். இண்டர்மீடியட் படித்தவள். எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடமாட்டாள்.

சுந்தரேசன் அவளுக்குச் சொன்னான். வேலைக்காரத் தேனீ பிறந்தவுடன் வெளியே போவதில்லை. முதலில் அறைகளைச் சுத்தம் பண்ணும். பிறகு அதன் தலைக்குள் பால் போல ஒன்று சுரக்கும்; அதைப் புழுக்களுக்கு ஊட்டும். அப்புறம் மெழுகு எடுத்து அடை கட்டும். அந்தப் பால் வற்றிப்போன பிறகுதான் பூவைத் தேடிப் பறக்கும். வெளியே பறக்க ஆரம்பித்துவிட்டால் அதன் ஆயுசு சில வாரந்தான். இந்த வேலையை விடு, அந்த வேலைக்குப் போ என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. அதன் மூளைக்குப் பின்னால், தொண்டைக் குழாயின் இரண்டு பக்கமும், இரண்டு சின்ன உருண்டைகள் இருக்கின்றன. குண்டூசித் தலையில் அது போலப் பலவற்றை வைக்கலாம். மூளையிலிருந்து நூலிழை மாதிரி ஒரு நரம்பு வந்து, சுரக்கச் சொல்லி அவற்றுக்கு உத்தரவு கொடுக்கும். அவை ஹார்மோனைச் செய்யும். செய்ததைச் சேர்த்து வைக்க அவற்றுக்கு இடமில்லை, குழாயும் இல்லை. சுரக்கச் சுரக்க அப்படியே ரத்தத்தில் கலந்துவிடும். சின்னத் தேனீயில் அந்த உருண்டை சிறியது. வெளியே போகிற தேனீயில் பெரியது.

"வயசாகறதுனால பெரிசாறதா, வெளில போகணும்கறதுனால பெரிசாறதா?" என்றாள் ருக்மிணி.

சுந்தரேசன் சிரித்துவிட்டான். அவனுடைய புரொபசர் வெங்கடராமன் அவனுக்குக் கொடுத்திருந்த ஆராய்ச்சிக் கேள்வியே அதுதான்.

ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. 1958-ம் வருஷம் ஆனி மாதம் அவளுக்குப் பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை நல்லபடியாக வெளியே வந்துவிட்டது. நஞ்சுக்கொடிதான் வரவில்லை. அதை எடுப்பதற்குள் ரத்தம் நிற்காமல் போய்க் கட்டிலின் கீழே தேங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். சுந்தரேசன் ரத்தம் கொடுத்தான். காலேஜிலிருந்து இன்னொருவரும் வந்து கொடுத்தார். ஒரு பகல் முழுக்க ருக்மிணிக்கு நினைவே இல்லை. அவன் அக்கா அனந்தலக்ஷ்மி ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல், உள்ளேயிருந்து வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனந்தலக்ஷ்மி அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். இளம் வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அதே வருஷம் அவர்கள் அம்மாவும் போய்விட, சுந்தரேசனுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பரீட்சைக்கு எழுப்பிவிட்டது வரை எல்லாம் அவள்தான். அப்பா சமஸ்தானத்து ரெவின்யூ இலாகாவில் இருந்து ரிடையராகிக் காலமான பிறகு, வீட்டில் அக்காவும் தம்பியுமாகத்தான் இருந்தார்கள். அவளே ஜாதகம் பார்த்து, அவளே தங்கவயலுக்கு ரயிலேறிப் போய், ருக்மிணியைப் பார்த்து நிச்சயம் பண்ணிவிட்டு வந்தாள்.

ருக்மிணி பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கும் வந்தாள். பால்தான் வரவில்லை. அனந்தலக்ஷ்மி பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தாள். வெந்தயக் கஞ்சி கொடுத்தாள். சாமராஜபேட்டை வைத்தியரிடம் லேகியம் வாங்கிவந்து கொடுத்தாள். ஒரு சொட்டு இல்லை. மார்பு கட்டக்கூட இல்லை. குழந்தைக்கு ஜானகி என்று பெயர் வைத்தார்கள். ஜானகி பசும்பாலில், பாட்டிலில், அத்தையின் மடியில் வளர்ந்தாள்.

அதற்குப் பிறகு ருக்மிணி பழைய ருக்மிணியாக ஆகவே இல்லை. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் குளியலறை வரை போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சித்திரை வெயிலில், அடுப்புக்கு முன்னால், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருவாள். தலைமயிர் கொட்டியது, புருவங்கூட ஓரத்தில் உதிர்ந்துபோயிற்று. குரல் தடித்து, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையே நேரம் விழுந்தது. வெயிலில் நின்றாலும் தோல் கறுக்காமல் வெளிறிக்கொண்டே போயிற்று. மாதவிலக்கு திரும்பவே இல்லை. மறுபடி உண்டாகியிருக்கிறாளோ என்று அனந்தலக்ஷ்மி கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டுக்கூடப் பார்த்தாள்.

டாக்டர்கள் ரத்தசோகை என்றார்கள். டானிக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒருவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இது உடம்பு இல்லை, மனசு என்றார். தாய்மையை ஏற்றுக்கொள்ளவில்லை என்றார். அந்த வார்த்தை வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்களிடம் போய், பெண்ணுக்கு இந்த வீடு பிடிக்கவில்லை என்றாகித் திரும்பி வந்தது. அனந்தலக்ஷ்மி வாய்விட்டுத் திட்டுகிறவள் இல்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள், அவ்வளவுதான். குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "உங்கம்மா எழுந்துக்கட்டும், அப்பறம் பால் குடிக்கலாம்னு இருந்தா நீ என்னத்துக்கு ஆவே" என்பாள். அது அறைக்குள்ளே கேட்கும்.

சுந்தரேசன் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவன் வேலையில் இருந்தான். அந்த வருஷங்களில் அவன் வேலை அப்படி நன்றாக நடந்தது. அன்றன்று பிறந்த தேனீக்களை மட்டும் ஒரு பெட்டியில் போட்டு, வயதானது ஒன்றுகூட இல்லாமல் பண்ணினான். பூவுக்குப் போக ஆள் இல்லை என்றதும், பால் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டிய சின்னத் தேனீக்களில் சில, ஒரு வாரத்துக்குள்ளேயே வெளியே பறக்க ஆரம்பித்தன. அவற்றைப் பிடித்து, தலையை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் கத்தியில் மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்த்தான். அந்த இரண்டு உருண்டைகளும் கிழத் தேனீயில் இருப்பது போலப் பெருத்திருந்தன. வயது இல்லை, தேவைதான் காரணம். இன்னொரு பெட்டியில் சின்னவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கிழத் தேனீக்களை மட்டும் விட்டான். அவற்றில் சில வெளியே போவதை நிறுத்திவிட்டு, வற்றிப்போன பாலை மறுபடி சுரந்து, புழுக்களுக்கு ஊட்டின. அதைக் கண்ணால் பார்த்த அன்றைக்கு ஒக்கலிபுரம் வழியாக அவன் சைக்கிளில் வந்த வேகத்தில், ரயில்வே கேட் சாத்தியிருந்ததுகூடக் கிட்டே போய்த்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ருக்மிணியின் கட்டிலில் உட்கார்ந்து அதைச் சொன்னான். வற்றின பால் மறுபடி வருகிறது என்று சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தவன், அவள் கண் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். கோபம் வந்தது. இதை அவளைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

அவள் தூங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"ஏன்னா, நான் சோம்பேறி இல்லை. எழுந்துக்கணும்னு நெனைச்சுண்டுதான் இருக்கேன். நெனைக்கறது கை காலுக்குப் போய்ச் சேரமாட்டேங்கறது."

மனசைத் தைரியமாக வைத்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிடப் போனான். பிற்பாடு அவன் வாழ்நாள் முழுக்க, தான் பேசியவற்றில் எதையாவது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வாங்கிக்கொண்டிருப்பான்.

1961 ஜனவரியில் காலேஜ் விஞ்ஞானச் சங்கத்தில் அவன் பேசினான். கரும்பலகையில் தேனீயின் தலையைப் பெரிதாக வரைந்து, மூளை, நரம்பு, சுரப்பி எல்லாவற்றையும் விளக்கினான். கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தபோது, உயரமான ஒரு கிழவர் அவனிடம் வந்தார். ஓஸ்வால்ட் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கண்டோன்மெண்டில் ரொம்ப காலம் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலோ இந்தியர். வைட்ஃபீல்டில் தோட்டமும் நாலு தேனீப் பெட்டியும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். அதனால்தான் இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருந்தார்.

அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டால் தேனீ என்ன ஆகும் என்று கேட்டார். சுந்தரேசன் தெரிந்ததைச் சொன்னான். அவர் தலையாட்டிக்கொண்டே, மனுஷனுக்கும் அப்படித்தான், மூளைக்குக் கீழே பட்டாணி அளவு ஒன்று தொங்குகிறது, மற்றச் சுரப்பிகளுக்கெல்லாம் உத்தரவு அங்கிருந்துதான் போகிறது என்றார். கர்ப்ப காலத்தில் அது பெருத்துவிடும். அந்த நேரத்தில் ரத்தம் நிறையப் போனால் முதலில் பட்டினி கிடந்து சாவது அதுதான். தன் சர்வீஸில் அப்படி இரண்டு பெண்களைப் பார்த்ததாகச் சொன்னார். பிரசவத்தில் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் பால் வரவில்லை. எந்நேரமும் குளிர்கிறது என்பார்கள். யாருக்கும் புரியவில்லை, தனக்கும் அந்த இருவரில் முதலாவது பெண் செத்த பிறகுதான் புரிந்தது என்றார்.

சுந்தரேசன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"முடி கொட்டுமா?" என்று கேட்டான்.

"கொட்டும்."

"புருவம்?"

கிழவர் அவனை உற்றுப் பார்த்தார். "யார் அது, மிஸ்டர் சுந்தரேசன்?"

"என் மனைவி" என்றான்.

மறுநாளே டாக்டர் மல்லேஸ்வரத்துக்கு வந்தார். கூடத்தில் நாற்காலியை ருக்மிணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொல்வது மெதுவாக வந்தாலும் அவசரப்படாமல் கேட்டார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். கண்டோன்மெண்ட் தமிழில், அவளுக்கே நேராக, புருஷனைப் பார்த்து அல்ல, என்ன நடந்திருக்கிறது என்று சொன்னார். குழந்தை பிறந்த அன்றைக்கு அவளுக்குள் ஒரு சின்னச் சுரப்பி செத்துப்போய்விட்டது. அது உத்தரவு கொடுக்காததால் மற்றவை எல்லாம் வேலையை நிறுத்திவிட்டன. செத்ததைப் பிழைக்க வைக்க முடியாது. ஆனால் அது செய்ய வேண்டியதை மாத்திரையாகக் கொடுக்கலாம்.

ருக்மிணி ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அப்போ என் மேல தப்பு இல்லையா, டாக்டர்?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. ஒரு தப்பும் இல்லை."

அவள் அழவில்லை. அழுதது, ஜானகியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்கட்டு நிலையில் நின்றிருந்த அனந்தலக்ஷ்மிதான். சத்தமே இல்லாமல் அழுதாள். குழந்தை அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரமான விரலை வாயில் வைத்துக்கொண்டது.

கார்ட்டிசோன் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் தொடங்கினார்கள். பத்து நாள் இருக்கும். சுந்தரேசன் ஒரு காலை கண் விழித்தபோது கட்டிலில் அவள் இல்லை. அடுக்களையிலிருந்து காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது. அவள் ஸ்வெட்டர் இல்லாமல் அடுப்புக்கு முன்னால் நின்று வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அனந்தலக்ஷ்மி ஒரு வேலையும் செய்யாமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் சில மாதங்கள் அந்த வீட்டில் மனுஷச் சத்தம் கேட்டது. ருக்மிணி பேசினாள், மூன்று வருஷம் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை சில்வர் ஓக் மரங்களுக்கடியில் வந்து உட்கார்ந்து மறுபடி பொட்டு வைத்தாள். அந்தக் கிழத் தேனீக்களுக்குப் பால் திரும்பின கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள். தனக்கு அது திரும்பாது என்பது அவளுக்குத் தெரியும். இன்னொரு குழந்தையும் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் கேட்டாள்.

ஜானகி மட்டும் அவளிடம் வரவில்லை. இரண்டரை வயதுக் குழந்தைக்கு இந்தப் புது மனுஷியைப் பழக்கமில்லை. ருக்மிணி கையை நீட்டினால் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விடும். சாதம் ஊட்டப் போனால் வாயை மூடிக்கொள்ளும். அனந்தலக்ஷ்மி குழந்தையை அதட்டி, "அம்மாகிட்டப் போடி" என்று தள்ளிவிடுவாள். ருக்மிணி வேண்டாம் என்பாள். தள்ளிவிட்டு வரவேண்டாம், தானாக வரட்டும் என்பாள். ஆடி மாதத்தில்தான், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், இடிச் சத்தத்துக்குப் பயந்த குழந்தை யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் ருக்மிணியின் மடியில் ஏறிவிட்டது. மழை நின்ற பிறகும் இறங்கவில்லை. ருக்மிணி காலை அசைக்காமல், மரத்துப்போகும் வரை, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஓஸ்வால்ட் ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். கார்ட்டிசோன் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. உடம்பு தானாக அதைச் செய்வதில்லை. சேர்த்து வைத்திருப்பதும் இல்லை. ஜுரம் வந்தால் இரண்டு மடங்காக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும், எந்த நேரமானாலும் தன்னைக் கூப்பிட வேண்டும். இதைச் சுந்தரேசன் கேட்டுக்கொண்டான், ருக்மிணியும் கேட்டுக்கொண்டாள். அக்காவிடம் அவன் சொன்னது, வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது மட்டும். ருக்மிணிக்கே தெரியுமே என்று இருந்துவிட்டான்.

அந்த வருஷம் ஆவணியில் காலேஜ் வேலையாக அவன் குடகுக்குப் போக வேண்டியிருந்தது. காப்பித் தோட்டத்துத் தேனீக்களைக் கொஞ்சம் பிடித்துவர வேண்டும். ஒரு வாரத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கிளம்பும்போது ருக்மிணி அவன் பெட்டியில் மப்ளரை வைத்து, அங்கே குளிரும் என்றாள். குளிரைப் பற்றித் தனக்குத்தான் முழுக்கத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவன் போன இரண்டாம் நாள் அவளுக்கு ஜுரம் வந்தது. தெருவில் பாதி வீடுகளில் அப்போது அந்த ஜுரம் இருந்தது. சாயங்காலம் வாந்தி எடுத்தாள். மாத்திரை சாப்பிட்டாள், அதுவும் வந்துவிட்டது. அனந்தலக்ஷ்மிக்கு, காலி வயிற்றில் இந்த இங்கிலீஷ் மாத்திரையைப் போடுவதால்தான் வாந்தி நிற்கவில்லை என்று பட்டது. ஒரு தாயார் போலத்தான் அவள் யோசித்தாள். வயிறு முதலில் அடங்கட்டும் என்று மாத்திரைப் புட்டியை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டு, நொய்க் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டாள், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். ருக்மிணி ஒரு தடவை, "மாத்திரை, அக்கா" என்றாள். வயத்துல எதுவும் நிக்கலைடிம்மா, கார்த்தால போட்டுக்கலாம் என்று அனந்தலக்ஷ்மி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அசந்துபோய்த் தூங்குகிறாள் என்றே அனந்தலக்ஷ்மி நினைத்தாள். வாந்தி நின்றுவிட்டதே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. தெரு முனை டாக்டர் வந்து பார்த்து, நாடி விழுகிறது என்றார். சுந்தரேசனுக்குத் தந்தி போயிற்று. டாக்டர் ஓஸ்வால்டுக்கும் எதிர்வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். வைட்ஃபீல்டிலிருந்து அவர் வந்து சேர்ந்தபோது மத்தியானம். ருக்மிணி போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

சுந்தரேசன் மடிகேரியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து மறுநாள் காலை வந்தான். வாசலில் செருப்புகள் கிடந்ததைப் பார்த்தான். கையில், வலை கட்டிய பெட்டிக்குள், குடகுத் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்தார்.

காரியங்கள் நடந்தன. டாக்டர் ஓஸ்வால்ட் ஒரு நாள் வந்து, வீட்டுக்குள் வராமல், அவனை வேலிப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்ப் பேசினார். அன்றைக்கு வந்தபோது அலமாரியிலிருந்த புட்டியைத் தான் பார்த்ததாகச் சொன்னார். ஒரு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. உங்கள் அக்காவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை என்று மட்டும் சொன்னார். சுந்தரேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, அக்காவிடம் நான் சொல்லிவிட்டுப் போகவில்லை, டாக்டர் என்றான்.

பதின்மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, அனந்தலக்ஷ்மி அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஜானகி அவள் மடியில் தூங்கிப்போயிருந்தது. அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"சுந்தா, அன்னிக்கு ராத்திரி நான் மாத்திரை குடுக்கலைடா. வாந்தியா எடுத்தாளேன்னு நிறுத்தி வெச்சேன். குடுத்திருந்தா இருந்திருப்பாளோ?"

சுந்தரேசன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். தன்னை ஆளாக்கிய முகம். இந்த வீட்டில் இனிமேல் ஜானகிக்கு இருக்கிற ஒரே தாய் முகம். ஒரு வார்த்தையில் அந்த முகத்தை உடைத்துவிடலாம். அந்த வார்த்தையில் பாதி தன்னுடையது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"இல்லைக்கா" என்றான். "ஜுரம் மூளைக்கு ஏறிடுத்து. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாரா?"

"அவரும் அப்படித்தான் சொன்னார்."

அனந்தலக்ஷ்மி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

சுந்தரேசன் மறுபடி காலேஜுக்குப் போனான். தேனீக்களைப் பற்றின ஆராய்ச்சியை எழுதி முடித்தான். அதற்குப் பட்டமும் கிடைத்தது. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது, போகவில்லை. காரணம் கேட்ட புரொபசர் வெங்கடராமனிடம், வீட்டில் குழந்தை இருக்கிறது என்றான். அதற்கப்புறம் வகுப்பில் ஹார்மோன் பாடம் வரும்போது அவன் தேனீயோடு நிறுத்திக்கொள்வான். மனுஷ உடம்பைப் பற்றி யாராவது மாணவன் கேட்டால், அது உடலியல்காரர்கள் சொல்ல வேண்டியது என்று தள்ளிவிடுவான். அக்கா அவன் சொன்னதை நம்பிவிட்டாள் என்றே ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஜானகி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு ஒரு சாதாரண ஜுரம் வந்தது. காலையில் டாக்டர் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சுந்தரேசன் காலேஜுக்குப் போய்விட்டு வழக்கம்போலச் சாயங்காலம் திரும்பினான். தெரு திரும்பும்போதே, வெயில் முகத்தில் அடிக்க, கேட்டில் அனந்தலக்ஷ்மி நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முந்தானை நழுவியிருந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். அவன் சைக்கிளை விட்டு இறங்கியதும், மூடியிருந்த கையை அவன் முன்னால் நீட்டித் திறந்தாள். உள்ளங்கை வியர்வையில் ஊறி, மத்தியான மாத்திரை கரைந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொழந்தை ஒரு தடவை வாந்தி எடுத்தா" என்றாள். "குடுக்கறதா, நிறுத்தறதான்னு எனக்குத் தெரியலை. நீ வந்து சொல்லுடா."

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனான். குழாயடியில் நிறுத்தி, அந்தக் கையைத் தானே கழுவிவிட்டான். பிறகு அலமாரியிலிருந்து அதே மாத்திரையில் இன்னொன்றை எடுத்து, தண்ணீரில் கரைத்து, ஜானகிக்குக் கொடுத்தான்.